வேடப்படை இலக்கணம்

போர் புரியாத போர்வீரனுக்குத் தமிழில் இலக்கணம் இல்லை. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அதைப் பன்னிரண்டாகப் பெருக்கினார். மாடு கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, கோட்டையை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் மோதினால் தும்பை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பூவைச் சூட்டிவிட்ட அந்தப் பெரியவர்கள், குடியரசு தினத்தன்று காலை ஏழரை மணிக்குச் சின்னமனூர்ப் பக்கம் கண்மை மீசையும் அட்டைக் கத்தியுமாக அம்மா மடியில் உட்கார்ந்து ஷேர் ஆட்டோவில் போகிற வீரன் எதைச் சூடவேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

நூலுக்கு எல்லை கூறுவது மரபு. கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, மேற்கில் ஏலமலை, வடகிழக்கில் ஆண்டிபட்டிக் கணவாய். இடையில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கே இந்நூல் வழங்கும் நிலம். ஏன் இந்த நிலம் என்று கேட்பார்க்கு விடை: இது எல்லை நாடு. நாயக்கர் காலத்தில் போடிநாயக்கனூர், கண்டமனூர் என்று மலையடிவாரத்தில் பாளையங்கள் இருந்தன. வரி கட்டுவதைப் போலவே காவல் காப்பதும் பாளையக்காரர் கடமை. இன்றைக்கும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்த மலைச்சாலையில் ஏறினாலும் மேலே ஒரு செக்போஸ்ட் நிற்கிறது. எல்லைக் காவலன் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட காவலனை, கடைநிலைச் சிப்பாயை, யாராவது இங்கே வேடங்கட்டிக் காட்டுகிறார்களா? நூல் தேடிப்போகும் பொருள் அதுதான்.

இனி இலக்கணம். தான் பிறக்கும் முன்பே முடிந்துபோன போருக்காக, தனக்குச் சொந்தமில்லாத உடுப்பை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் கொல்லாமல் வீடு திரும்புபவன் வேடப்படைஞன். 'முடிந்துபோன' என்றதனால், தேர்தல் மேடையில் வெள்ளி வாளை வாங்கிச் சுழற்றும் தலைவர்கள் நீங்கினர். 'சொந்தமில்லாத' என்றதனால் ஓய்வுபெற்ற சுபேதார்கள் நீங்கினர். 'கொல்லாமல்' என்றது ஆயுதத்தால் கொல்லாமல் என்று கொள்க. வசனத்தால் கொல்வதற்கு இந்நூலில் தடையில்லை.

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை செய்யும் இடத்தில் பரிமேலழகர் படையை ஆறாக எண்ணுகிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. பரம்பரையாக வந்த மூலப்படைக்கே அவரிடம் முதல் மரியாதை. இந்த ஆறு படையும் வேடங்கட்டிக்கொண்டு நம் நடுவே உலவுகின்றன. ஆனால் அவர் சொன்ன வரிசையில் போனால் பிள்ளைகளின் மீசை வியர்வையில் கரைந்துவிடும். ஆகவே நாட்டுப்படையை முதலில் வைக்கிறேன்.

நாட்டுப்படை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவர்கள் போர்க்களத்துக்கு மாறுவேடப் போட்டி என்று பெயர். ஆகஸ்ட் 15, சனவரி 26, ஆண்டுவிழா ஆகியவை படையெடுப்புக் காலங்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் முன்னணிப் படை. இவர்களுக்கு ஆயுதம், பழைய காலண்டர் அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய வாள். கவசம், அம்மாவின் பட்டுச் சேலையை நாலாக மடித்து ஊக்குக் குத்தியது. இவர்களின் போர்முறை மேடை ஏறுதல், மைக்கைப் பார்த்தல், அழுதல் என மூன்று துறைப்படும். நான்காவதாக ஒரு துறையும் உண்டு. மேடையைத் துடைக்க ஆயா வரவேண்டியிருக்கும் அதனை விரித்துரைக்காமல் விடுவது உரைமரபு.

எல்லா வேடமும் படைவேடம் ஆகாது. பாரதியார் வேடத்துக்கு ஒரு முண்டாசும் கறுப்புக் கோட்டும் போதும் என்பதால் காலையில் நேரங்கழித்து எழுந்த வீடுகளுக்கெல்லாம் அவரே கைகொடுக்கிறார், அவர் படைஞரல்லர். காந்தி அறவே நீக்கம். நேதாஜி படைஞரா தலைவரா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் ஜான்சி ராணி ஒருத்திதான். இப்போது வேலுநாச்சியார் அதிகம் வருகிறார், நல்ல மாற்றம். குயிலியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் குறைவு. உடம்பில் நெய்யூற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தவள் என்று வழங்கும் கதையை மேடையில் காட்ட யாருக்கும் துணிவில்லை, நியாயந்தான்.

மிஞ்சி நிற்பவர் கட்டபொம்மன். இவரே நாட்டுப்படையின் முக்கால் பங்கு. நடுவர் நாற்காலியில் அவ்வப்போது உட்காரவைக்கப்படுபவன் என்ற முறையில் இவரை உள்வகைகளாகப் பிரித்துவைத்திருக்கிறேன். வசனம் மறந்த கட்டபொம்மன்: நாலு வரி முழங்கி, ஐந்தாவது வரியில் திரைச்சீலைப் பக்கம் திரும்பி மிஸ்ஸைப் பார்ப்பவர். வசனம் மறக்காத கட்டபொம்மன்: இவரே அதிக ஆபத்தானவர், ஒதுக்கிய மூன்று நிமிடம் முடிந்து மணியடித்தாலும் கலெக்டர் ஜாக்சனை விடமாட்டார். கைக்கடிகாரம் கட்டிய கட்டபொம்மன். கொலுசு போட்ட கட்டபொம்மன், அக்காவின் நாட்டிய உடுப்பில் வந்தவர். இரட்டைக் கட்டபொம்மன்: ஒரே வகுப்பில் இரண்டு பேர் வந்துவிட்டால் பிறப்பது, இவர்கள் வெள்ளையனை மறந்து ஒருவரையொருவர் முறைப்பார்கள்.

இவ்வளவு பேரும் எந்த ஆண்டை நடித்துக்காட்டுகிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குரியது. 1799 என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் அது 1959. பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படம் வெளிவந்த ஆண்டு அது. அதற்கு முன்பே சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் எழுத்தில் நாடகமாக ஊர் ஊராகப் போய் வந்த வசனம் அது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் கட்டபொம்மன் என்பது ஒரு முறுக்குமீசை, ஓர் உறுமல், வலதுகையின் சுட்டுவிரல். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் எப்படி இருந்தார் என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. சிவாஜி மாதிரி இருக்கிறதா என்றுதான் மதிப்பெண். நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

வரலாறு இதைவிடக் கரடுமுரடானது. 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது வசனத்தில் முடியவில்லை, கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அடுத்த ஆண்டு கம்பெனித் தளபதி பானர்மேன் படையோடு வந்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801-இல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையை அவருடைய ஆட்கள் சில நாட்களுக்குள் மண்ணால் எழுப்பிவிட்டார்கள். அதைப் பிடிக்கக் கம்பெனிப் படைக்கு மே மாதக் கடைசி வரை ஆனது. மண் குழைத்து மதில் எழுப்பிய அந்தச் சனத்தில் ஒருவரையாவது மேடையில் பார்த்திருக்கிறீர்களா? மண்சட்டி சுமக்கும் வேடத்துக்கு எந்தக் கடையிலும் வாடகை உடுப்பு இல்லை.

வாடகை உடுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் நாடக உடுப்புக் கடை ஒன்றில் கேட்ட பேச்சு இது. நூலுக்கு ஆதாரமான மேற்கோள் என்பதால் அப்படியே தருகிறேன்.

"கட்டபொம்மன் டிரெஸ்ஸு எல்லாம் போயிருச்சுக்கா. சிப்பாய் டிரெஸ்ஸு இருக்கு, செவப்புக் கோட்டு, புதுசு. தம்பிக்கு அளவாவும் இருக்கும்."

"சிப்பாயா? அவங்க தாத்தா பாக்க வர்றாருப்பா. கட்டபொம்மன் இல்லைன்னா இந்த வருசம் வேசமே வேணாம்."

இந்த உரையாடலிலிருந்து ஒரு விதி பெறப்படும்: கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் ராஜபார்ட். தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆள்வகை வகுத்திருக்கிறார்கள். அதில் சிப்பாய்பார்ட் என்று ஒன்று கிடையாது. பந்தலில் நாற்காலி தூக்கிப்போடும் பையனே தேவைப்பட்டால் ஈட்டியோடு வந்து நிற்பான். கூலிப்படை என்று நான் வகுத்தது இந்த நாடக நடிகர்களையும் சினிமாவில் துணைநடிகராகக் குதிரைக்குப் பின்னால் ஓடுபவர்களையும்தான். இவர்கள் பிழைப்புக்காக வேடங்கட்டுபவர்கள். பிழைப்பைக் கேலி செய்வது முறையில்லை, கடந்துபோவோம்.

பகைப்படைக்கு வருவோம். இதில் மூவர்: ஜாக்சன், பானர்மேன், எட்டப்பன். படத்தில் சி.ஆர். பார்த்திபன் ஜாக்சன், ஜாவர் சீதாராமன் பானர்மேன், வி.கே. ராமசாமி எட்டப்பன். பள்ளிக்கூடத்தில் ஜாக்சனைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிது, வகுப்பிலேயே வெளுத்த பையன். இந்த வழக்கத்தை ஒருமுறை ஓர் ஆசிரியையிடம் கேட்டேன், "வேற எப்படி சார்?" என்றார். ஜாக்சனாக நிற்பவனுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அவன் தமிழைக் கொச்சையாக உளறவேண்டும். தமிழில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் ஜாக்சனானால் ஒத்திகை முழுக்கத் திட்டு வாங்குவான், "அழகா பேசாதடா" என்று. எட்டப்பன் வேடத்தை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்ட பையனின் பெயர் அந்த ஆண்டு முழுக்க அதுவே ஆகிவிடும். சில சமயம் பத்தாம் வகுப்பு வரைக்கும்.

ஜாக்சனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்பார்களே, அவர்களைக் கவனித்தீர்களா? நிகழ்ச்சி நிரலில் சிப்பாய் 1, சிப்பாய் 2. வசனம் வராத பையன்களுக்குக் கொடுக்கும் இடம் அது. கம்பெனியின் சென்னைப் படையில் வரிசையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்லர், தமிழும் தெலுங்கும் பேசிய நம்மூர் ஆட்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு உள்ளே இருந்து சுட்டவனும் வெளியே இருந்து சுட்டவனும் ஒரே கம்பங்கூழைக் குடித்தவர்கள். இதை மேடையில் காட்டுவது சங்கடம் என்பதாலோ என்னவோ, சிப்பாய்களுக்கு வாய் கொடுக்கவில்லை.

சிப்பாயின் உடுப்பு விளையாட்டுக் காரியமல்ல என்பதற்குச் சான்று வேலூர். 1806-இல் சென்னைப் படையில் தோல்பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னார்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசையும் அளவாக இருக்கவேண்டும் என்றார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். இருபக்கமும் நூற்றுக்கணக்கில் உயிர் போனது. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் தீப்பொறி விழுந்தது தலைப்பாகையில். கடைசியில் உத்தரவும் போயிற்று, கவர்னர் பென்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் திருப்பியழைக்கப்பட்டார்கள். உடை அலங்காரத்தில் பிழை செய்து பதவி இழந்தவர்கள் உலகத்தில் குறைவு. நம்மூரில் கைக்கடிகாரத்தோடு கட்டபொம்மன் வந்தால் போவது ஓர் ஆறுதல் பரிசு மட்டும்.

உடுப்பில் ஓர் இழை பிசகினாலும் பொறுக்காத கூட்டம் வெளிநாடுகளில் இருக்கிறது. அவர்களைத் துணைப்படையில் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் பிரிகேடியர் பீட்டர் யங் 1968-இல் தொடங்கிய 'சீல்டு நாட்' என்ற சங்கம் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை இன்றும் புல்வெளிகளில் நடத்திக் காட்டுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் நூறாம் ஆண்டான 1961-இல் மனாசஸ் என்ற ஊரில் முதற்போரை ஆயிரக்கணக்கானோர் கூடி மறுபடியும் நடத்தினார்கள். மேற்கு எல்லைக் கோட்டைகளில் நீலக்கோட்டுக் குதிரைப்படையாக நிற்பவர்களும் உண்டு. வேட்டியில் சலவைக்குறி இருக்கிறதா என்று நாம் பார்ப்பதைவிடக் கூர்மையாக இவர்கள் ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துப் பொத்தான்துளை கையால் தைத்ததா, மிஷினில் அடித்ததா என்று பார்ப்பார்கள். இந்தக் கிறுக்கில் எனக்கு மரியாதை உண்டு. காரணம், அங்கே வக்கீலும் பல்டாக்டரும் சொந்தக் காசில் கம்பளிக் கோட்டும் பூட்ஸும் வாங்கி, ஆகஸ்ட் வெயிலில் வியர்த்து ஒழுக, கடைநிலைச் சிப்பாயாக வரிசையில் நிற்கிறார்கள். தளபதி வேடத்துக்கு ஆசை இருந்தாலும் எல்லோரும் தளபதியானால் களம் களமாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் பிரபுவாகவே வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுடைய முன்னோர் 1839-இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டனில் கண்டார்கள். பிரபுக்கள் இரும்புக் கவசம் பூட்டிப் பழைய காலத்துக் குதிரைப் போட்டி நடத்த இறங்கியபோது, பெருமழை கொட்டித் தீர்த்தது. கவசத்தோடு குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள் வீரர்கள்.

மழை என்றால் காட்டுப்படை. சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேகமலை; ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று தேயிலை எஸ்டேட்டுகள். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கத்தின் மெய்யான எல்லைக் காவலர் வனத்துறையினர். மரத்துப்பாக்கியோடு ஆண்டுவிழாவுக்கு ஏறுகிற நாடகக்குழு செக்போஸ்ட்டில் எப்படி விளக்கம் சொல்லும் என்பது இந்நூலுக்குப் புறம்பான சிக்கல். எஸ்டேட்டுகளில் வேடமில்லாமலே அணிவகுப்பு நடக்கிறது. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் முதுகில் கூடையுமாக வரிசையாகப் போகிறவர்களை எந்தத் தளபதியும் குறை சொல்ல முடியாது. மாறுவேடப் போட்டி இங்கேயும் உண்டு. பனி மேடைவரை வந்துவிடும். கட்டபொம்மன் குரல் மட்டும் கேட்கும்.

மலைக்கோட்டின் தெற்கு முனையில், குமுளிக்கு மேலே, மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கட்டினான் என்பது வழக்கு. ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டுமே கதவு திறக்கும். பளியன்குடி வழியாக நம்மவர் நடந்து ஏறுவார்கள், குமுளியிலிருந்து ஜீப்புகள் போகும். அன்று இரண்டு மாநிலப் போலீசும் காலையிலிருந்து மாலைவரை எதிரெதிரே நிற்கும். வாகா எல்லையில் 1959 முதல் மாலைதோறும் நடக்கும் காலுயர்த்தும் சடங்கு மாதிரி எதுவும் இங்கே இல்லை; இங்கே நடப்பது, மோர்ப்பந்தல் யாருடைய மண்ணில் போடுவது என்ற பேச்சு. ஒருவரையும் கொல்லாமல் மாலையில் வீடு திரும்புகிறார்கள் என்பதால் வேடப்படையின் மூன்றாம் உறுப்பு இவர்களுக்குப் பொருந்தும். உடுப்பு சொந்தம் என்பதால் நீக்கினேன்.

மூலப்படை மீதமிருக்கிறது. பரிமேலழகர் சொன்னது சரி, இதுவே தலைசிறந்தது. மேகமலை – வருசநாட்டுத் தொடரில் பிறக்கும் வைகை மதுரையை அடையும் இடத்தில், சித்திரையில் அழகர் இறங்குகிறார். வருவது கள்ளர் திருக்கோலத்தில்: கொண்டை, கடுக்கன், கண்டாங்கி, கையில் நேரிக்கம்பு. அவரோடு வரும் அடியார்களைத் தொ. பரமசிவன் தம் அழகர்கோயில் ஆய்வில் பிரித்துக் காட்டியிருக்கிறார்: திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தியால் நீர் தெளிப்போர். தலையில் உருமால், இடுப்பில் கச்சையும் சல்லடமும். பாட்டன் கட்டிய சல்லடத்தைப் பேரன் கட்டுகிறான். நடுவர் இல்லை, பரிசு இல்லை, விரதம் உண்டு. குலசேகரன்பட்டினம் தசராவிலும் இப்படித்தான், நேர்ந்துகொண்டு காளியாகவும் போலீசாகவும் வேடங்கட்டிப் பிச்சை எடுக்கிறார்கள். அழகர் கூட்டத்தில் எவனும் ராஜபார்ட் கேட்பதில்லை. கேட்க முடியாது, ராஜாவே வழிக்காவல் போகும் மலைநாட்டு ஆளாக வேடம் மாற்றி வந்திருக்கும்போது யாரிடம் கேட்பது? மேலைநாட்டுக்காரன் பல்லாயிரம் செலவழித்துக் கற்றுக்கொள்ளும் கடைநிலை ஒழுக்கம் நம் சல்லடக்காரனிடம் தண்ணீர்த் துருத்தியோடு பரம்பரையாக இருக்கிறது.

ஆறும் முடிந்தன. பரிமேலழகரிடம் இல்லாத ஏழாவது ஒன்றைச் சேர்க்காமல் இந்நூல் நிறைவுறாது. அதற்குத் தொழிற்படை என்று பெயரிடுகிறேன்.

சனவரி 15 அன்று கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் பொங்கல். பாலார்பட்டியில் பானை பொங்கும்; லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை விழும். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், பிள்ளைகளுக்கும் அவர் பெயர். கர்னல் ஜான் பென்னிகுவிக் 1841-இல் அதே சனவரி 15-இல் புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர், இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் அணையைக் கட்டியவர். ஆக மொத்தம் இந்தப் பள்ளத்தாக்கு கொண்டாடும் ஒரே வெள்ளைக்காரச் சிப்பாய் அவர். கட்டபொம்மனுக்கு அடுத்தபடி மேடையில் அதிகம் தோன்றுபவரும் அவரே: கோட்டு, தொப்பி, பஞ்சுமீசை, கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். சொத்தை விற்று அணை கட்டும் காட்சி கட்டாயம் உண்டு. அணைக்குப் பணம் போட்டது சென்னை மாகாண அரசு என்று நடுவர் நாற்காலியிலிருந்து நான் வாய்திறந்ததில்லை. ஊருக்குள் டீ கிடைக்கவேண்டுமே.

அவரைக் கொண்டாடுவது சரி. ஆனால் மேடையில் அவர் சார்ட் பேப்பரை விரித்ததும் அணை எழும்பிவிடுகிறது. நடந்தது வேறு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று கவர்னர் வென்லாக் திறந்துவைக்கும்வரை, யானைக்காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சுமந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் கூலித்தொழிலாளர்கள் உண்டு, கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள் உண்டு. அவர்களோடு சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்களும் இருந்தன. பயனியர் என்றால் பாதை போடும் சிப்பாய். துப்பாக்கியும் அவனுடையது, கடப்பாரையும் அவனுடையது. கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் இறந்தவர்கள் 483 பேர். அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. அந்தப் பட்டாளங்கள் பிறகு 61, 64 என்று எண் மாறின; 1933-இல் சென்னைப் பயனியர் படையையே கலைத்துவிட்டார்கள். கலைத்த படைக்கு நினைவுநாள் நடத்த ரெஜிமெண்ட் கிடையாது. பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் தண்ணீர் திருப்பிவிட்ட இந்தச் சிப்பாயை, எந்த மாறுவேடப் போட்டியிலும் நான் கண்டதில்லை.

ஆகவே தேனி மாவட்டத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பயனியர் வேடத்துக்கு வாடகைக் கடைக்குப் போகவேண்டாம். ஒரு காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஒரு துண்டுப் பாகை, தோளில் அட்டைத் துப்பாக்கி, கையில் வீட்டிலிருக்கும் மண்வெட்டி அல்லது ஒரு சாந்துச் சட்டி. வசனம் கிடையாது, மறக்கும் என்ற பயமும் இல்லை. அடுத்த சனவரி 15-இல் பென்னிகுவிக் ஒருவர் மேடையேறும்போது அவருக்குப் பின்னால் இப்படி நாலு பேரை ஏற்றுங்கள். அந்த நாலு பேரில் ஒருவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். தாத்தா கேட்டால் நான் எழுதியதைக் காட்டுங்கள். நடுவராக யார் உட்கார்ந்தாலும் முதல் பரிசை அந்த நாலு பேருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.